காணாமல் போன ஏழாவது கசிவு

காற்று எங்கே ஓடிப்போகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அந்த மனிதருக்கு இருபத்திரண்டு வருடமாகத் தொழில். சைக்கிள் கடை வைத்திருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் பஞ்சர்காரர். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதெல்லாம் வண்டி கொண்டுவந்தவருக்கு நம்பிக்கை வருவதற்காக; அவருக்கு அது தேவையே இல்லை. காற்றடித்த டியூபை உதட்டருகே வைத்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், ஊசிமுனைத் துளையாக இருந்தாலும் "இதோ" என்று விரலை வைத்துவிடுவார். அப்படிப்பட்டவருக்குக் காற்றுக் கசிவைப் பற்றிப் பாடம் எடுக்க ஒரு வாரியம் கிளம்பியது என்றால், அந்த வாரியத்தின் துணிச்சலை என்னவென்று சொல்வது!

தானுண்டு தன் கடையுண்டு என்று இருந்த மனிதர் அந்த வாரியத்தில் போய் மாட்டிக்கொண்டது அவருடைய பெண் குழந்தையால். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்துப் பிறந்த பெண். அத்தனை வருடம் காக்கவைத்தவள் கடைசியில் அவசரப்பட்டு ஐந்து வாரம் முன்னாலேயே வந்துவிட்டாள். எடை ஆயிரத்து அறுநூறு கிராம். ஆஸ்பத்திரியில் வெதுவெதுப்பான கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கவைத்திருந்தார்கள். அவர் மனைவி பகல் முழுவதும் அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் கறாரான ஆள். "ரெண்டு கிலோ வந்ததும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். ஆனா ரூம்ல இருபத்திநாலு டிகிரி குறையாம இருக்கணும். வெளிக்காத்து உள்ள வரவே கூடாது. நான் நேர்ல வந்து பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லிவிட்டாள்.

குளிர்காலம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. வீடு இரண்டாவது மாடியில். படுக்கையறைக்கு ஒரே ஒரு ஜன்னல். மரச்சட்டம் வற்றிச் சுருங்கி, கண்ணாடியும் சட்டமும் பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்காரர்கள் மாதிரி விலகி நின்றன. ஹீட்டரை எவ்வளவு முடுக்கினாலும் பதினேழு டிகிரிக்கு மேல் ஏறவில்லை. போட்ட சூடெல்லாம் நேரே தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. பஞ்சர்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய டியூப் நாலு, கத்தரிக்கோல், சொல்யூஷன், உப்புத்தாள் எல்லாவற்றையும் கடையிலிருந்து கொண்டுவந்து ஜன்னல் முன்னால் பரப்பினார். ஓரத்தை உரசி, ரப்பரை நீளநீளமாக வெட்டி, சட்டத்தைச் சுற்றி ஒட்ட வேண்டும். அரை மணி நேர வேலை.

முதல் துண்டை வெட்டும்போது அவர் மனைவியின் தம்பி கையில் ஒரு நோட்டீஸோடு உள்ளே ஓடிவந்தான். ஏதோ ஓர் அலுவலகத்தில் ஏதோ ஒரு மேஜையில் இருப்பவன். அறிவிப்பு என்று எங்கே எது ஒட்டியிருந்தாலும் கடைசி வரி வரைக்கும் நின்று படித்துவிட்டுத்தான் நகருவான்.

"மாமா, கையை எடுங்க! கையை எடுங்க மாமா!"

"ஏன் மாப்ள, கரன்ட்டா அடிக்குது?"

"இதைப் படிங்க முதல்ல. பழைய ஜன்னலைக் கழட்டிட்டு ரெண்டடுக்குக் கண்ணாடி ஜன்னல் மாட்டித் தர்றாங்களாம். இலவசம். ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல இடைவெளி விட்டு அடைச்சிருப்பாங்க. உள்ள இருக்கற சூடு உள்ளயே நிக்கும். அரசாங்கம் வீடு தேடி வந்து செய்யறப்ப, நீங்க ஓட்டை டியூபை வெச்சுக்கிட்டு..."

"இது அரை மணி வேலைடா."

"அது ஆயுசுக்கும் இருக்கும் மாமா. உங்க பொண்ணு பெரியவளாகி அந்த ஜன்னலோரம் உக்காந்து படிப்பா."

அந்தக் கடைசி வரியில்தான் மனிதர் விழுந்தார். பதினோரு வருடம் காத்திருந்து பெற்ற பெண் நல்ல ஜன்னலோரம் உட்கார்ந்து படிப்பதை அவரால் மனதில் பார்க்க முடிந்தது. கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அதுதான் அவர் செய்த தப்பு.

வீட்டுச் சாளர ஆற்றல் சேமிப்பு மேம்பாட்டு வாரியம் ஏழு மாடிக் கட்டடத்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டவை கற்கள். ஒவ்வொரு மேஜையிலும் காகிதங்களின் மேல் கல். எழுத்தர் மேஜையில் கூழாங்கல், கண்காணிப்பாளர் மேஜையில் கருங்கல், பிரிவு அதிகாரி மேஜையில் மெருகேற்றிய பளிங்கு. பதவி உயர்வு வந்தால் நாற்காலியோடு கல்லும் மாறும் என்று பின்னால் தெரிந்தது. கல்லில்லாத காகிதம் ஒன்று அவர் கண்முன்னாலேயே எழும்பி, வராந்தாவைத் தாண்டி, மாடிப்படி வழியாகக் கீழே போயிற்று. யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தரை மணிக்கு மணி அடித்தது. எல்லோரும் எழுந்து ஜன்னல்களைப் பார்த்துத் திரும்பி நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, "ஒரு மூச்சுக் காற்றையும் வீணாக்க மாட்டோம்" என்று தொடங்கும் உறுதிமொழியைப் படித்தார்கள். பதினொரு நிமிடம். அதன்பிறகு தேநீருக்குப் போனார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் பன்னிரண்டு மணியாகிவிட்டது.

"ஜன்னல் விஷயமா வந்தேன்" என்றார் பஞ்சர்காரர், கவுன்ட்டரில் இருந்த அம்மாளிடம்.

"இங்க ஜன்னல்னு சொல்லக் கூடாதுங்க. சாளரம்."

"சரிம்மா. என் வீட்டுச் சாளரத்துல காத்து வருது."

"காத்து வருதான்னு வாரியம்தான் சொல்லணும். நீங்க 'வருவதாகக் கருதுகிறேன்'னு எழுதுங்க."

விண்ணப்பத்தின் நாலாவது பக்கத்தில் 'கசிவு உள்ளதா? விவரம்' என்று ஒரு கட்டம். இந்த ஊரில் விண்ணப்பித்த அத்தனை பேரும் அதில் 'ஆம்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். பஞ்சர்காரர் அப்படி எழுதவில்லை. காற்றையே பார்த்துக்கொண்டிருக்கும் ஓர் அலுவலகத்தில் ஒரு தொழில்காரன் எப்படி அரைகுறையாக எழுதுவது? மேல் சட்டம் இடது மூலை, அரிசி அளவு. நடுச் சட்டம், தாழ்ப்பாளுக்குக் கீழே, தீக்குச்சி நீளம். இப்படி இடம், அளவு, காற்றின் வேகம் எல்லாம் போட்டு ஏழு கசிவுகளை வரிசையாக எழுதிக் கொடுத்தார். ஏழாவது, கீழ்க் கீலுக்குப் பக்கத்தில், ஊசிமுனை, விசில் சத்தத்துடன்.

கவுன்ட்டர் அம்மாள் அதைப் பார்த்துப் பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டாள். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அந்தக் கட்டத்தை யாரும் முழுதாக நிரப்பி அவர்கள் பார்த்ததே இல்லை. ஏதோ உள்நோக்கம் இருக்க வேண்டும் என்று அவரைப் பிரிவு அதிகாரியிடம் அனுப்பினார்கள்.

பிரிவு அதிகாரி கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார். ஒரு காகிதத்தை நீட்டினார். "இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. கசிவுப் பராமரிப்பு உறுதிமொழி."

"பராமரிப்பா? கசிவையா?"

"பின்ன? எங்க ஆள் வந்து அளந்து பாக்கணும் இல்லையா? முன்னால எவ்வளவு, பின்னால எவ்வளவுன்னு கணக்கு வேணும். முன்னால இருக்கறதை நீங்க அடைச்சுட்டா நாங்க எதை மேம்படுத்தறது? விண்ணப்பம் போட்ட நிமிஷத்துல இருந்து அந்தக் கசிவு உங்களுது இல்ல. வாரியத்தோட ஆவணம். ஆவணத்தைச் சிதைச்சா குற்றம். துணி தொங்கவிடக் கூடாது, பேப்பர் சொருகக் கூடாது. நல்லாப் பாத்துக்குங்க, உங்க பிள்ளை மாதிரி."

"என் பிள்ளைக்காகத்தான் சார் வந்திருக்கேன்" என்று பஞ்சர்காரர் கையெழுத்துப் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். ரெண்டு கிலோ, இருபத்திநாலு டிகிரி எல்லாம்.

அதிகாரி உருகிப்போனார். "குழந்தைங்கதான் சார் வருங்காலம். அந்த வருங்காலத்துக்காகத்தான் இந்த வாரியமே இருக்கு. அடுத்த வாரம் ஆள் வருவாங்க."

வரவில்லை. ஒரே ஒருவர் மட்டும் மறுநாளே வந்தார். ஜன்னல் மேல் குறுக்காக மஞ்சள் தாள் ஒட்டுபவர். 'வாரியத்தின் பரிசீலனையில் உள்ளது. திறக்கவோ மூடவோ அடைக்கவோ கூடாது.' அந்த வேலையில் மட்டும் வாரியத்துக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதம் கிடையாது.

குழந்தை ஆயிரத்து எழுநூறானாள். ஆயிரத்து எண்ணூறானாள். மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஜன்னலைப் போய்ப் பார்ப்பாள்.

"ஏங்க, இன்னும் வரலியா அவங்க?"

"வருவாங்க. வாரியம் இல்லையா?"

"நீங்க பாட்டுக்கு அன்னிக்கே ஒட்டியிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும்."

அந்த ஏழாவது கசிவு வேறு விசிலடித்துக்கொண்டே இருந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். பஞ்சர்காரருக்கோ யாரோ பக்கத்தில் உட்கார்ந்து "உனக்குத் தொழில் தெரியாது, உனக்குத் தொழில் தெரியாது" என்று சொல்வது போல இருந்தது. பதினெட்டாவது நாள் மாலையில் கை தானாகப் போயிற்று. நகக்கண் அளவுக்கு ஒரு பேட்ச். உரசி, சொல்யூஷன் தடவி, உலரவிட்டு, அழுத்தினார். விசில் நின்றது. மற்ற ஆறையும் தொடவில்லை; உறுதிமொழிக்கு அந்த அளவுக்கு மரியாதை கொடுத்தார்.

பத்தொன்பதாவது நாள் அளவையாளர் வந்தார். நீல வெல்வெட் பெட்டியில் கசிவுமானி. அதைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கி அறை நடுவில் வைத்தார்.

"ரெண்டு மணி நேரம் இது ஓய்வெடுக்கணும். பிரயாணக் களைப்பு."

ரெண்டு மணி நேரம் எல்லோரும் கருவி களைப்பாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர் சொன்னார்: "இப்ப எல்லாரும் வெளிய போகணும். இது ரொம்ப நுட்பமான கருவி. மனுஷன் மூச்சு விட்டாலே கசிவுன்னு காட்டிடும்."

"அப்ப யாரு சார் பாத்து எழுதறது?"

"நான்தான். ஆனா நானும் உள்ள இருக்கக் கூடாது. வெளியில இருந்து பாப்பேன். ஏணி இருக்கா?"

பெயின்டர் ஒருவரிடம் ஏணி வாங்கிவந்தார்கள். தெருவே கூடி நின்று பார்க்க, அளவையாளர் இரண்டு மாடி ஏறினார். கண்ணாடியில் பனி மூட்டம். உள்ளே முள் தெரியவில்லை. துடைத்துப் பார்த்தார். உள்பக்கமும் மூட்டம். யோசித்தார். பிறகு மஞ்சள் தாளைக் கிழித்துவிட்டு, கொக்கியை நெம்பி, ஜன்னலை விரியத் திறந்து, தலையை உள்ளே விட்டு முள்ளைப் படித்தார்.

"கடைசிக் கோட்டுக்குப் போயிடுச்சு! இந்த வருஷத்துலயே மிக அதிகமான கசிவு!" என்று மேலிருந்து கத்தினார்.

"ஜன்னல் திறந்திருக்கே சார்!" என்றார் பஞ்சர்காரர் கீழிருந்து.

"ஏன் திறந்திருக்குன்னு கேக்கறது என் பிரிவு இல்ல."

அத்தோடு விட்டிருந்தால் எல்லோருக்கும் நல்லது. ஆனால் மனிதர் கடமை தவறாதவர். கீழே வந்து, திரும்ப மேலே வந்து, ஜன்னலை மூடி, விண்ணப்பத்தில் இருந்த பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு கசிவுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். ஆறு வரைக்கும் சரியாக இருந்தது.

"ஏழாவது எங்க?"

பஞ்சர்காரர் கீழ்க் கீலைக் காட்டினார். "பேட்ச் போட்டுட்டேன் சார்."

"யார் அனுமதியோட?"

"காத்து வந்துச்சு."

"வரத்தானே செய்யும்? வர்றதனாலதானே உங்களுக்குத் திட்டமே! ஏழுன்னு எழுதிக் கொடுத்துட்டு ஆறைக் காட்டினா நான் என்னன்னு எழுதறது? பிரிச்சு எடுங்க அதை."

"அது பிரியாது சார்."

"ஏன் பிரியாது?"

"நான் போட்டது."

இருபத்திரண்டு வருடத்தில் அவர் போட்ட எந்தப் பேட்சும் பிரிந்ததில்லை. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கலாம். அளவையாளர் அதையும் கவனித்து எழுதிக்கொண்டார்: 'ஒரு கசிவைக் காணவில்லை. விண்ணப்பதாரர் ஒத்துழைக்க மறுத்ததோடு, பெருமிதமும் காட்டினார்.'

காணாமல் போன கசிவை விசாரிக்க மூன்று பேர் கொண்ட குழு அமைத்தார்கள். குழுவுக்குத் தலைவர் இயக்குநரே. விசாரணைக்கு வரச்சொல்லித் தாள் வந்த அன்று காலையில் குழந்தை இரண்டு கிலோவைத் தொட்டாள். ஆஸ்பத்திரியில் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். பின்னாலேயே நர்ஸ் வந்தாள்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு உங்க வீட்டுக்கு வர்றேன். ரூம் சரியா இருந்தா கையோட குழந்தையைத் தந்துடுவேன்."

"இல்லைன்னாம்மா?"

"இந்த இடத்துக்கு இன்னொரு குழந்தை காத்திருக்கு. உங்க பொண்ணை வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்கும். குளிர் முடியற வரைக்கும். அங்க அம்மா கூட இருக்க முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை பாக்கலாம்."

மனைவியின் அழுகை அப்படியே நின்றது. கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்கமுடியாமல் மனிதர் நேரே வாரியத்துக்கு ஓடினார். விசாரணையில் காலில் விழச் சொன்னால்கூட விழுந்துவிடுவது, அளந்தது போதும் என்று ஒரு கையெழுத்து வாங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

இயக்குநர் அறை ஏழாவது மாடியில். மூன்று பேரும் கோட்டு மேல் கோட்டு போட்டு, காதை மூடிக் குல்லாய் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநரின் இரண்டு காலுக்கும் இரண்டு ஹீட்டர். மேஜையில் கல் கிடையாது. அவர் அந்தஸ்துக்கு ஒரு வெண்கல யானை. அது காகிதங்களின் மேல் நின்றும் ஓரங்கள் படபடவென்று அடித்தன. பஞ்சர்காரர் அறைக்குள் கால் வைத்தவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. உதட்டில் காற்று படுகிறது. ஜன்னல் திறந்திருக்கிறதோ என்று பார்த்தார். மூடித்தான் இருந்தது. சுற்றிலும் குறைந்தது நாற்பது கசிவு.

"காணாமல் போன சமயத்தில் அந்தக் கசிவு உள்பக்கமாக இருந்ததா, வெளிப்பக்கமாக இருந்ததா?" என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

"அது ஓட்டை சார். ரெண்டு பக்கமும் இருந்துச்சு."

"ரெண்டு பக்கம். அப்ப ரெண்டு கசிவுன்னு குறிச்சுக்கங்க" என்றார் மற்றவர் எழுத்தரிடம்.

பஞ்சர்காரர் கைகூப்பினார். நாளைக்குப் பத்து மணி, குழந்தை, வெளியூர், எல்லாவற்றையும் கொட்டினார். இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டு முடித்ததும் எழுந்து நின்றார். பேச வேண்டும் என்றால் அவருக்கு நின்றாக வேண்டும்.

"உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா நீங்க ஒரு ஜன்னலைப் பாக்கறீங்க, நான் ஒரு லட்சம் சாளரத்தைப் பாக்கறேன். நான் பதவிக்கு வந்தப்ப இந்த ஊர்ல நாலாயிரத்து முந்நூறு சாளரத்துல கசிவு. இன்னிக்கு எத்தனை தெரியுமா? பூஜ்யம். எப்படி? அத்தனையையும் 'கசிவுள்ளவை' பட்டியல்ல இருந்து 'பரிசீலனையில் உள்ளவை' பட்டியலுக்கு மாத்தினேன். ஒரே கையெழுத்து! வெளிநாட்டுல இருந்தெல்லாம் வந்து எப்படிப் பண்ணீங்கன்னு கேட்டுட்டுப் போறாங்க."

"காத்து நின்னுச்சா சார்?"

"அது புள்ளிவிவரத்துல வராது."

"சார், உங்க ரூம்லயே காத்து பிச்சுக்கிட்டுப் போகுதே. இதையாவது அடைக்கக் கூடாதா?"

இயக்குநரின் முகத்தில் ஒரு தியாகியின் களை வந்தது. "நீங்க கவனிச்சீங்களே, ரொம்ப சந்தோஷம். இந்தக் கட்டடத்துக்கும் விண்ணப்பம் போட்டிருக்கோம். எங்க வாரியத்துக்கே போட்டோம். ஆறு வருஷமாச்சு, இன்னும் எங்க ஆள் வந்து அளக்கல. நான் நினைச்சா நாளைக்கே அளக்க வைக்கலாம். செய்ய மாட்டேன். விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். போன வருஷம் குளிர்ல எங்க கணக்காளர் ஒருத்தர் நிமோனியா வந்து மூணு மாசம் படுத்துட்டார். அப்பவும் நாங்க ஒரு பேப்பரைக்கூட ஜன்னல்ல சொருகலையே! அதுதான் சார் நேர்மை."

மற்ற இருவரும் கைதட்டினார்கள். கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை.

தீர்ப்பை எழுத்தர் வாசித்தார். விண்ணப்பதாரர் அதே இடத்தில், அதே அளவில், அதே விசில் சத்தத்துடன் ஏழாவது கசிவை மீண்டும் உண்டாக்கித் தர வேண்டும். உண்டாக்கியபின் முப்பது நாள் அது நிலைப்பட வேண்டும். அதன்பின் அளவையாளர் வருவார். பஞ்சர்காரர் அந்தத் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் வரைக்கும் நடக்கும்போது வழியில் இருந்த அத்தனை பேரையும் பார்த்தார். மூக்கு சிவந்து, தும்மிக்கொண்டு, கல்லுக்கு அடியிலிருந்து காகிதத்தை இழுத்து வேறொரு கல்லுக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களிடம் போய் இருபது நாள் கைகட்டி நின்றோமே என்று அவருக்கு அவமானமாக இருந்தது. தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றவில்லை. மஞ்சள் தாளின் மிச்சத்தைச் சுரண்டி எறிந்தார். மைத்துனன் ஓடிவந்து, "மாமா, ஆவணத்தைச் சிதைக்கறீங்க, உள்ள தூக்கி வெச்சுடுவாங்க" என்றான்.

"வைக்கட்டும். உள்ளயாவது ஜன்னல் மூடியிருக்கும். நீ அந்த உப்புத்தாளை எடு."

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இருபத்தேழு நிமிடம். நாலு டியூபும் சட்டத்தைச் சுற்றிக் கறுப்பாகப் படிந்து உட்கார்ந்தன. உதட்டை வைத்து ஒரு சுற்று வந்தார். ஒரு மூலையில் சந்தேகம் வந்து அங்கே இன்னொரு துண்டு வைத்தார். ஹீட்டரைப் போட்டார். பதினேழு, பத்தொன்பது, இருபத்திரண்டு என்று ஏறியதை மைத்துனன் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் பத்து மணிக்கு வந்த நர்ஸ் தன் வெப்பமானியைச் சுவரில் மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இருபத்திநாலரை. ஜன்னலோரம் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "யார் செஞ்சது?" என்று கேட்டாள். "நான்தாம்மா" என்றார். "நல்ல வேலை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். வெப்பமானியை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள். மதியம் குழந்தை வீட்டுக்கு வந்தாள். மனைவி அன்றைக்குத்தான் இருபது நாளுக்கப்புறம் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

மூன்றாம் நாள், முப்பது நாள் கணக்கைத் தொடங்குவதற்காக, கசிவு மீண்டும் உண்டாக்கப்பட்டதா என்று பார்க்க அளவையாளர் வந்தார். கருவியை வைத்தார். முள் அசையவில்லை. தட்டிப் பார்த்தார், ஊதிப் பார்த்தார். ஊதினால் ஆடிற்று, விட்டால் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. வாரியம் தொடங்கிய நாளிலிருந்து அந்த முள் ஒரு வீட்டில் பூஜ்யத்தில் நின்றதே இல்லை. அவர் பெட்டியை மூடிக்கொண்டு ஓடினார். இனி போலீஸ்தான் வரும் என்று மைத்துனன் கணக்குப் போட்டான்.

வந்தது இயக்குநர். மறுநாள் காலையில், பதினோரு பேரோடு, போட்டோகிராபரோடு, ரிப்பனோடு. ஆண்டறிக்கை அச்சுக்குப் போக இரண்டு நாள்தான் இருந்தது. அதில் 'மேம்படுத்தப்பட்ட சாளரங்கள்' என்ற பக்கம் ஆறு வருடமாகக் காலியாகவே வந்துகொண்டிருந்தது.

"வாழ்த்துகள்! வாரியத்தின் முதல் வெற்றிச் சாளரம் உங்களுது!" என்று வாசலில் நின்றபடியே பஞ்சர்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பதினோரு பேரும் அந்தச் சின்ன அறைக்குள் நுழைய முடியாது. பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் வெளியே, நடுவில் கதவு விரியத் திறந்தபடி. படிக்கட்டுக் குளிர் அவர்கள் கால்களுக்கு இடையே புகுந்து வந்தது.

"சார், குழந்தை தூங்குது. கதவை மட்டும்..."

"ஒரே நிமிஷம். சின்ன உரை." இயக்குநர் நோட்டுக் காகிதங்களைப் பிரித்தார். "தொலைநோக்கும், இடைவிடாத உழைப்பும், விஞ்ஞான அளவீடும் சேர்ந்தால் என்ன சாதிக்க முடியும் என்பதற்கு இந்தச் சாளரமே சாட்சி. இங்கே ஏழு கசிவுகள் இருந்தன. வாரியம் தலையிட்டது. இன்று ஒன்றுகூட இல்லை..."

சுவரில் இருபத்திமூன்று. பிரிவு அதிகாரி ரிப்பனை ஜன்னலுக்குக் குறுக்கே கட்டினார். இருபத்திரண்டு. போட்டோகிராபர் கண்ணைச் சுருக்கி, "சார், ஜன்னல் மூடியிருந்தா வெறும் சுவர் மாதிரி இருக்கு. திறந்து வெச்சாத்தான் ஜன்னல்னே தெரியும்" என்றான். இயக்குநர் தலையாட்டினார்.

"சரிதான். அந்தக் கறுப்பு ரப்பர் வேற அசிங்கமா இருக்கு. ஆண்டறிக்கையில பழைய டியூப் வந்தா வெளிநாட்டுக்காரன் என்ன நினைப்பான்? போட்டோவுக்கு மட்டும் பிச்சு எடுத்துட்டு, அப்புறமா நீங்களே திரும்ப ஒட்டிக்கங்க."

அளவையாளர் சட்டத்தில் நகத்தை வைத்து நெம்பிப் பார்த்தார். ஒரு நூல்கூட அசையவில்லை. பேனாக்கத்தியை எடுத்தார்.

"ஏங்க" என்றாள் மனைவி. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தாள். "பாப்பா கால் சில்லுன்னு ஆகுது."

பஞ்சர்காரர் வெப்பமானியைப் பார்த்தார். இருபது. அளவையாளரின் கையிலிருந்து பேனாக்கத்தியை வாங்கி மடித்து அவர் சட்டைப்பையிலேயே போட்டார். ரிப்பனை அறுத்தார். பிறகு இயக்குநரின் தோளைப் பிடித்து வாசல் பக்கமாகத் திருப்பினார், வண்டியைத் திருப்புவது போல, கோபமில்லாமல்.

"வெளிய போங்க சார்."

"என்னய்யா இது? நாங்க யாரு தெரியுமா? வாரியம்!"

"தெரியுது. இப்ப இந்த வீட்டுல பஞ்சர் நீங்கதான். எல்லாரும் வெளிய போங்க."

பதினோரு பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கி நின்றார்கள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். வெளியே கொஞ்ச நேரம் ஆலோசனை நடந்தது. குனிந்து யாரோ கதவடியைத் தடவிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு இயக்குநரின் குரல், இப்போது மிகவும் பரிவாக: "பயனாளி அவர்களே, உங்க கதவுக்கு அடியில நல்ல இடைவெளி இருக்கு. கதவுக்குத் தனித் திட்டம் வந்திருக்கு. விண்ணப்பம் வெக்கறோம். தயவுசெஞ்சு நாங்க வந்து அளக்கற வரைக்கும் கை வெக்காதீங்க!"

கதவின் அடியிலிருந்து ஒரு தடித்த படிவம் மெல்ல உள்ளே நகர்ந்து வந்தது. முப்பத்தாறு பக்கம், கெட்டிக் காகிதம், இரண்டு பிரதி.

பஞ்சர்காரர் அதை எடுத்தார். பிரிக்கவில்லை. நீளவாக்கில் இரண்டாக மடித்து, கதவுக்கு அடியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வைத்து, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனார். கச்சிதமாக உட்கார்ந்தது. குனிந்து உதட்டை வைத்துப் பார்த்தார்; காற்று படவில்லை. வெளியே அவர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பார்கள், உள்ளே ஒன்றும் கேட்கவில்லை. மனைவி குழந்தையின் காலைத் தேய்த்துக்கொண்டே, "ஏறுதுங்க, இருபத்தொண்ணு" என்றாள்.